வெள்ளம் தலைக்கு மேல் பறந்தால்

நவம்பர் 28, சனி

காலையிலிருந்து மழை. துவைத்த துணியெல்லாம் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தொங்குகிறது. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. இட்லி மாவு பொங்கவே இல்லை. இந்தக் குளிரில் நானாக இருந்தாலும் பொங்கியிருக்க மாட்டேன்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அம்மா போன பிறகு ஜாபர்கான்பேட்டை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, மாடி கட்டாத வீடு, இரண்டு தெரு தள்ளி அடையாறு. எங்கள் ஃபிளாட் அண்ணா நகரில் மூன்றாவது மாடி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மழை ஓயும்வரை இங்கே வந்து இருங்கள் என்றேன். அரசாங்க அறிவிப்பு எதுவும் வரவில்லையே என்றார்.

அப்பா ஒரு அரசுத் துறையில் விளம்பர அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அறிவிப்பு எழுதியே எங்களுக்குச் சோறு போட்டவர். ஓட்டலில் சமைக்கிறவர் அந்த ஓட்டலில் சாப்பிட மாட்டார் என்பார்கள். அப்பா நேர்மாறு. தான் எழுதியதை மட்டும்தான் சாப்பிடுவார். டிரான்சிஸ்டர் சொன்னால்தான் மழை. அதுவரைக்கும் தூறல்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளெய்ம் பிரிவின் உதவி மேலாளர். ஆபத்து என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர இனிமேல்தான் யாராவது பிறந்து வர வேண்டும். இரண்டொரு நாளில் அவரை இங்கே கொண்டுவந்து விடுகிறேன் என்று என் கணவர் கருணாகரனிடம் சொன்னேன். அவர் "உங்கப்பாவையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

நவம்பர் 29, ஞாயிறு

பால்கனியில் ஒழுகுகிறது. பரணில் பக்கெட் தேடப்போய் அந்தப் புத்தகம் கையில் அகப்பட்டது. "பாப்பாவுக்குப் பாதுகாப்பு யோசனைகள்." பதினாறு பக்கம், காக்கிக் கலரில் அட்டை. எழுதியவர் பெயர் கிடையாது. ஆனால் வரிக்கு வரி அப்பாவின் குரல் கேட்கிறது. பக்கெட்டை மறந்துவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்து படித்துச் சிரித்தேன்.

எழுபத்தொன்றாம் வருடம் டிசம்பரில் போர் வந்தபோது எழுதியது. சைதாப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. எங்கள் தெருவுக்கு மேலே காக்காயைத் தவிர எதுவும் பறக்கவில்லை. ஆனாலும் பாப்பாக்கள் தயாராக இருக்க வேண்டாமா? காதில் பஞ்சு வை. கைக்குட்டையை நான்காக மடித்துப் பல்லிடுக்கில் கடித்துக்கொள். குண்டு விழும் அதிர்ச்சியில் பல் உடையாதாம். குண்டு விழுந்த பிறகு பல்லுக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டாள்.

ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டு. கறுப்புத் தாளுக்கு எங்கே போவது? ஆபீசில் தேய்ந்துபோன கார்பன் பேப்பரைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அப்பாவே ஒட்டினார். அடுத்த மழையில் சுவரெல்லாம் நீலமாக வழிந்தது. அதைப் பார்த்து வீட்டுக்காரர் பேசியதை இங்கே எழுத முடியாது.

சட்டைப் பையில் ஒரு சீட்டு வைத்துக்கொள். அதில் உன் பெயர், அப்பா பெயர், அப்பாவின் பதவி எழுதியிருக்க வேண்டும். பதவி எதற்கு? அதிகாரியின் பெண் என்று தெரிந்தால் குண்டு போடுகிறவன் கொஞ்சம் தள்ளிப் போடுவானா?

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது பின்னால் நடந்தது. புத்தக மூட்டைகள் அச்சகத்திலிருந்து வந்து இறங்கியபோது போர் முடிந்து, பொங்கலும் முடிந்திருந்தது. இவ்வளவு புத்தகத்தை என்ன செய்வது? மேலிடத்தில் ஒரு மூளை வேலை செய்தது. "எதிரி விமானம்" என்று வரும் இடத்திலெல்லாம் "புயல் அல்லது வெள்ளம்" என்று அச்சடித்த சின்னச் சீட்டை ஒட்டி, கடலோரப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடச் சொல்லி உத்தரவு. ஒட்டுவதற்கு ஆள் இல்லை. மூட்டைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அம்மா மைதா கிண்ட, நானும் அப்பாவும் கூடத்தில் உட்கார்ந்து ஒட்டினோம். பசையைத் தேடிக் கரப்பான்கள் வந்தன. அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் புத்தகத்தில் யோசனை இல்லை.

ஒட்டி முடித்த பிறகு புத்தகம் இப்படிச் சொன்னது: "புயல் அல்லது வெள்ளம் தெரிந்தால் விரல் நீட்டிக் காட்டாதே." "புயல் அல்லது வெள்ளம் தலைக்கு மேல் பறந்தால் பதுங்குகுழியில் குப்புறப் படுத்துக்கொள்." வெள்ளம் வந்தால் குழிக்குள் படுக்கச் சொன்ன ஒரே அரசாங்க வெளியீடு இதுவாகத்தான் இருக்கும்.

ஏழாம் பக்கத்தில் குழிக்குள் குப்புறப் படுத்திருக்கும் பாப்பா நான்தான். முகம் தெரியாது. இரட்டைப் பின்னலும் ரிப்பனும் மட்டும் தெரியும். கொல்லையில் அம்மாவின் கனகாம்பரத்தைப் பிடுங்கிவிட்டுத் தோண்டிய குழி அது. அப்பா கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நின்றார். மூன்று குட்டி ஊதல் என்றால் ஆபத்து, படு. ஒரு நெடிய ஊதல் என்றால் ஆபத்து நீங்கியது, எழுந்திரு. அவர் குட்டியாக மூன்று ஊதினார், படுத்தேன். போட்டோக்காரர் படம் எடுத்தார். மழை பிடித்துக்கொண்டது, குழியில் தண்ணீர் ஏறியது. அப்பா நெடியதாக ஊதினார், தொப்பலாக எழுந்து வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆக, வெள்ளத்தில் பதுங்குகுழி என்ற யோசனையை நேரில் சோதித்துப் பார்த்த ஒரே ஆள் நான்.

அந்த விசில் இன்னும் அப்பா வீட்டில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. கீரைக்காரம்மாவை நிறுத்த ஊதுவார்.

நவம்பர் 30, திங்கள்

புத்தகத்தை ஆபீசுக்கு எடுத்துப்போனேன். சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. விரல் நீட்டிக் காட்டாதே என்பது அதற்குள் எங்கள் பிரிவின் வாய்ப்பாடாகிவிட்டது. வண்டிச் சேதம் மதிப்பிடும் சர்வேயர் ஜன்னல் வழியாக மழையைக் காட்டினார். எல்லோரும் சேர்ந்து அவர் விரலை மடக்கினோம்.

குழிக் கதையையும் சொன்னேன். வழக்கம்போல் நல்ல வரவேற்பு. புதிதாகச் சேர்ந்த ஷைலஜா மட்டும், "மழை வந்தப்போ உங்கப்பா எங்க நின்னுட்டிருந்தாரு மேடம்?" என்று கேட்டாள். பக்கத்தில்தான் என்றேன். சின்னப் பெண், எல்லாவற்றிலும் கேள்வி. சர்வேயராக நன்றாக வருவாள்.

சாயங்காலம் அப்பாவிடம் மறுபடி பேசினேன். நாளை கார் அனுப்புகிறேன் என்றேன். தெருவில் கணுக்கால் தண்ணீர்தான், அறிவிப்பு வரட்டும் என்றார். உங்கள் டிரான்சிஸ்டருக்குக் கணுக்கால் உண்டா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

டிசம்பர் 1, செவ்வாய்

இது மழையே இல்லை. வேறு என்னவோ.

மத்தியானமே ஆபீசை விட்டு அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அனுப்பிய கார் வடபழனியோடு திரும்பிவிட்டது. அவருக்குப் போன் கிடைக்க எத்தனை தடவை அடித்தேன் என்று விரலைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் எடுத்தார். வாசல் படி மூழ்கிவிட்டதாம். பக்கத்து வீட்டு மோசஸ் குடும்பம் எதிர்வீட்டு மாடிக்குப் போகிறார்களாம், இவரையும் கூப்பிடுகிறார்களாம். அவர் குரல் எப்போதும் போல நிதானமாக இருந்தது. எனக்குத்தான் எரிச்சல்.

"ரேடியோல இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா."

"ரேடியோவ விடுங்கப்பா. மொட்டை மாடிக்கு ஏறுங்க. பிஸ்கட், தண்ணி, மருந்து எடுத்துக்குங்க. அங்கயே இருங்க, நான் வர்றேன்."

"நீயா வர்ற?"

"ஆமா, நான்தான். அங்கயே இருங்க."

சரி என்றாரா இல்லையா என்று கேட்கவில்லை. லைன் போய்விட்டது. அப்புறம் கரண்ட் போனது.

டிசம்பர் 2, புதன்

போன் இல்லை. கரண்ட் இல்லை. பால் இல்லை.

காலையில் நானும் கருணாகரனும் கிளம்பினோம். அசோக் பில்லரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். அதற்கப்பால் ரோடே இல்லை, பழுப்பாக ஆறு ஓடுகிறது. பஸ்ஸின் கூரை மட்டும் தெரிந்தது. போலீஸ்காரர் கயிறு கட்டி நிறுத்தினார். என் அப்பா உள்ளே இருக்கிறார் என்றேன். எல்லோருடைய அப்பாவும் உள்ளேதான் இருக்கிறார் என்றார். நான் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி என்றும் சொல்லிப் பார்த்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, பதவியைச் சொன்னேன். வெள்ளம் அதற்காகத் தள்ளிப் போகவில்லை. இருட்டுவதற்குள் கருணாகரன் என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தார்.

அப்பா நன்றாகத்தான் இருப்பார். மொட்டை மாடியில் படிக்கட்டுக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது, கூரை உண்டு. தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. கணக்குப்போட்டுப் பார்த்துவிட்டேன், ஏறாது. மோசஸ் கூப்பிட்டபோதே போயிருப்பார்.

போயிருக்க மாட்டார். நான் அங்கேயே இருக்கச் சொன்னேன்.

மெழுகுவத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கருணாகரன் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, குழிக் கதையை இன்னொரு தரம் சொல்லேன், சிரித்தாவது வைக்கலாம் என்றார். எனக்கு வரவில்லை. நான் சொல்கிற கதையில் ஒரு சின்ன மாற்றம் உண்டு. அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்பதால் இதுவரை எழுதியதில்லை.

படம் எடுத்து முடிந்ததும் அப்பாவும் போட்டோக்காரரும் ஜீப்பில் போய்விட்டார்கள். அன்றைக்கே ஆபீசில் ஃபிலிமைக் கொடுத்தாக வேண்டும். "அங்கயே இரு, வந்துடறேன்" என்றார். நான் ஜீப்பில் கூடப் போயிருக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டு உள்ளே சமையலில் இருந்தாள். மழை வந்தது. குழியில் தண்ணீர் ஏற ஏற எழுந்து உட்கார்ந்தேன், பிறகு முட்டி போட்டேன். வெளியே மட்டும் வரவில்லை. இருட்டும் நேரத்தில் அம்மா கொல்லைக் கதவைச் சாத்த வந்து பார்த்து அலறினாள். வாயில் கைக்குட்டை அப்படியே இருந்தது. தூக்கும்போதுகூட, "அப்பா இன்னும் ஊதலம்மா" என்றேனாம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்பாவுக்கு வேலை இருந்தது. மறந்துவிட்டார் என்று எழுதுவது சரியில்லை. ஆபீசில் ஆயிரம் வேலை. அன்று வீட்டில் அம்மா அவரோடு பேசவில்லை. அவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. சிரிக்கிற மாதிரி ஒரு கதையாக்கிக்கொண்டேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 3, வியாழன்

மழை விட்டிருந்தது. காசிமேட்டிலிருந்து மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தேசிங்கு என்று ஒருவர், என் வயதுதான் இருக்கும். என் அப்பா உள்ளே இருக்கிறார் என்று அவரிடமும் சொன்னேன். "ஏறும்மா, போய் இட்டாந்துரலாம்" என்றார். அதைவிட நல்ல தமிழை நான் கேட்டதில்லை. கருணாகரனும் ஏறினார்.

சைதாப்பேட்டைக்குப் பிறகு நான் வாழ்ந்த தெரு, கல்யாணமாகிக் கிளம்பிய தெரு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. முக்குப் பிள்ளையார் கோயில் இல்லை, டீக்கடை இல்லை, எல்லாம் தண்ணீருக்குள். கூரைகளும் டிஷ் ஆன்டெனாக்களும் மட்டும் ஒரே மாதிரி நிற்கின்றன. எந்தப் பக்கம் என்று தேசிங்கு கேட்டார். இடது என்றேன், பிறகு வலது என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரியாது என்றும் சொன்னேன்.

அப்போது விசில் கேட்டது.

நெடிய ஊதல். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நெடிய ஊதல். "ஏதோ பெரிசு ஊதுது பாரு" என்று தேசிங்கு படகைத் திருப்பினார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆபத்தில் இருக்கிற மனுஷன் ஆபத்து நீங்கியது என்று ஊதிக்கொண்டிருக்கிறாரே, அவரே எழுதிய புத்தகத்தை அவரே மறந்துவிட்டாரே என்று.

மொட்டை மாடியில், படிக்கட்டு அறை வாசலில், குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்கச் சேறு. பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டின டிரான்சிஸ்டர், பிஸ்கட் டின். எதிர்வீட்டு மாடியில் ஆளே இல்லை. நேற்று சாயங்காலம் ஒரு படகு, இன்று காலையில் ஒரு படகு வந்து தெருவையே காலி செய்துவிட்டுப் போயிருக்கிறது. இவர் ஏறவில்லை. மோசஸ் கையைப் பிடித்து இழுத்தும் ஏறவில்லையாம்.

அவரை இறக்கிப் படகில் உட்காரவைத்தோம். உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். இரண்டு படகு வந்தும் ஏறாமல் என்ன பிடிவாதம், உயிர் என்ன அரசாங்கச் சொத்தா, இன்னும் எந்த அறிவிப்புக்காகக் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

"அறிவிப்புக்கு இல்ல" என்றார். "அங்கயே இருங்க, நான் வர்றேன்னு நீ சொன்னியே."

"நான் சொன்னா? படகு வந்தா ஏறிப் போக வேண்டியதுதானே?"

"நான் சொன்னப்போ நீ எழுந்திரிச்சுப் போகலையே."

கருணாகரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விசில் பேச்சை எடுத்தேன். ஆபத்துக்கு மூன்று குட்டி ஊதல் என்று எழுதியது நீங்கள்தானே, நீங்கள் ஊதியது வேறல்லவா என்றேன்.

"தெரியும்மா. அது எனக்காக ஊதினது இல்ல. உனக்கு. அன்னைக்கு ஊதாம போயிட்டேன்."

படகில் உட்கார்ந்து அழுதேன். எட்டு வயதில் அழவேண்டிய அழுகை, தேதி கடந்து வந்த கிளெய்ம் மாதிரி. தேசிங்கு எனக்குப் பக்கத்தில் இருந்த துடுப்பை நகர்த்திவைத்தார். அப்பா என் முதுகில் கையை வைத்துக்கொண்டே வந்தார். அவர் கை விறைத்துப்போயிருந்தது.

வீட்டில் வெந்நீர் வைத்து, அப்பாவுக்குக் கருணாகரனின் வேட்டி சட்டையை மாற்றிவிட்டேன். அவருடைய நனைந்த சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சீட்டு, பால் கவரில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. பெயர்: மாசிலாமணி. மகள் பெயர்: தமயந்தி. மகளின் பதவி: உதவி மேலாளர், மோட்டார் கிளெய்ம். பதவியைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

டிசம்பர் 5, சனி

ஆபீஸ் திறந்துவிட்டது. ஊரில் உள்ள கார் எல்லாம் என் மேஜை மேல் வந்து நிற்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிவிடுவேன், எனக்கா தெரியாது?

ஷைலஜாவிடம் நானாகவே போய்ச் சொன்னேன், அன்றைக்கு என் அப்பா பக்கத்தில் நிற்கவில்லை என்று. பிறகு வந்தாரா மேடம் என்றாள். வந்தார் என்றேன்.

அப்பா இங்கே வந்த இரண்டே நாளில் வீட்டையே ஒரு துறையாக்கிவிட்டார். கொசுவத்தியைச் சாயங்காலமே கொளுத்த வேண்டும், வெந்நீரை மூடித்தான் வைக்க வேண்டும், டிரான்சிஸ்டர் பாடும்போது மிக்சி ஓடக்கூடாது. காலரா தடுப்பு நோட்டீஸ் ஒன்று வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அதை எடுத்துவைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்துகிறார். பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று போட்டிருக்கிறார்களே, கூட்டிப்போவது யார் என்று போடவில்லையே என்று கருணாகரனிடம் ஒரே சண்டை. பழைய புத்தகத்தைக் காட்டினேன். ஏழாம் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, கனகாம்பரத்தைப் பிடுங்கியிருக்க வேண்டாம், உன் அம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டினாள் என்றார்.

டிசம்பர் 8, செவ்வாய்

பால் வந்துவிட்டது என்று கீழே பேசிக்கொண்டார்கள். நான் போகிறேன் என்றேன், அப்பா விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "நீ இரு, வந்துடறேன்" என்று மூன்று மாடி இறங்கிப் போனார். முழங்கால் வலிக்காரர். நான் வாசல் கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றேன்.

வந்துவிட்டார். இரண்டு பாக்கெட் பாலும், கீரைக்கட்டும்.